பெரியக்காவுக்குப் பிறகு

பெரிய மருத்துவமனையின் பின்புறத் தெருவில், ஒரு காலத்தில் தங்கும் விடுதியாக இருந்த மூன்று மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. மாதக்கணக்கில் சிகிச்சை எடுக்க வேண்டிய குழந்தைகள் தாய் தகப்பனோடு இலவசமாகத் தங்கிக்கொள்ளும் இடம் அது. பதினாறு அறைகள். கீழே எல்லோருக்கும் பொதுவாக ஒரு சமையலறை, குடும்பத்துக்கு ஓர் அடுப்பு. செருப்பு வாசலைத் தாண்டக் கூடாது. பொம்மைகள் செவ்வாய்க்கிழமைதோறும் மருந்துத் தண்ணீரில் முங்கி எழும். கதவுக் கைப்பிடிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை துடைப்பார்கள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி வற்றிப்போன பிள்ளைகள் நடமாடும் வீடு. அங்கே ஒரு தும்மல் கேட்டால் திருடன் புகுந்த மாதிரி எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த வீட்டை உண்டாக்கியவள் பெரியக்கா. இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் அவளுடைய எட்டு வயது மகன் அதே மருத்துவமனையில் படுத்திருந்தபோது, ஏழு மாதம் நடைபாதையில் பாய் விரித்துப் படுத்தவள் அவள். மகன் பிழைத்துக்கொண்டான். இப்போது வேறோர் ஊரில் டிராக்டர் விற்கிறான். "அந்த வீட்டுக்குள்ள வந்தாலே மருந்து வாசனை தலைக்கு ஏறுதும்மா, என்னை விட்டுடு" என்று சொல்லி ஒதுங்கிவிட்டான். அதில் தப்பொன்றும் இல்லை. பெரியக்காதான் அந்த நடைபாதையை மறக்கவில்லை. நான்கு வருடம் அலைந்து, ஆட்களைப் பிடித்து, கையில் காலில் விழுந்து கட்டடத்தை வாங்கித் திறந்தாள்.

சின்னக்கா அவளுடைய கூடப்பிறந்த தங்கை. பதினோரு வயது இளையவள். ஒரு கம்பெனியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். வீடு திறந்து மூன்றாவது வருடம், "ஒரு மாசம் கூட இருந்து ஒத்தாசை பண்ணுடி" என்று அக்கா கூப்பிட்டாள். அந்த ஒரு மாதம் பத்தொன்பது வருடமாக நீண்டது. சாவிக்கொத்து இவளிடம், படுக்கை விரிப்பு இவளிடம், வெந்நீர்க் கொதிகலன் இவளிடம். முடிவு மட்டும் அக்காவிடம். அக்கா சொல்வாள், தங்கை செய்வாள். இதில் எது தலை எது வால் என்று யாரும் கேட்டதில்லை.

பெரியக்காவுக்கு அறுபத்தேழு ஆனபோது, வீட்டுச் செலவில் பெரும்பங்கைத் தாங்கி வந்த அறக்கட்டளையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாராட்டு நிறைய இருந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி. உங்களுக்குப் பிறகு இந்த வீட்டை யார் நடத்துவார்கள்? பதில் தெரிந்தால்தான் அடுத்த ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட முடியும்.

ஒரு வியாழக்கிழமை பிற்பகலில் நிர்வாகக் குழு கூடியது. குழுவில் ஐந்து பேர். தலைவர் ஒரு பல் டாக்டர், யாரையும் வலிக்காமல் பேசுகிற மனிதர். சின்னக்கா வழக்கம்போல் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்து முடித்ததும் பெரியக்கா, "அடுத்த மாசக் கடைசியோட நான் விலகிக்கிறேன்" என்றாள். எல்லோருடைய கண்ணும் தங்கை பக்கம் திரும்பியது.

சின்னக்கா அதை எதிர்பார்த்தே வந்திருந்தாள். காலையில் கண்ணாடி முன்னால் நின்று நான்கு வாக்கியங்கள் சொல்லிப் பார்த்திருந்தாள். எனக்குத் தகுதி இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் சேர்ந்து கேட்கும்போது மறுக்க முடியவில்லை என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாங்க ரெண்டு மாசமா சிலரைப் பார்த்துட்டு இருந்தோம். ஒருத்தர் கிடைச்சிருக்கார். பேருந்துப் பணிமனையில பெரிய பொறுப்புல இருந்தவர். இருநூறு வண்டி, எண்ணூறு ஆளு. இந்தப் பக்கம் புதுசு, ஆனா ஆளு திறமைசாலி. அக்காவுக்கும் சம்மதம்."

அக்காவுக்கும் சம்மதம். அந்தக் கடைசி வார்த்தையைச் சின்னக்கா குறிப்பேட்டில் எழுதினாள். அக்கா இவள் பக்கம் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். மனப்பாடம் பண்ணிவைத்த நான்கு வாக்கியங்களும் வீணாகிப்போயின. கூட்டம் முடிந்ததும் அவள்தான் போய் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள்.

சின்னக்காவின் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அன்று மாலை கடைக்கே போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு பிரேமைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ரெண்டு மாசமா ஆள் பார்த்திருக்காங்க. உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா இப்படி வந்து நிப்பேனா?"

"உங்க அக்கா?"

"அக்காவுக்கும் சம்மதமாம்."

அவர் பிரேமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வேலையை விட்டுடறதுன்னா விட்டுடு. எனக்கும் கடையில ஒரு ஆள் வேணும்."

"உங்க கடையில வந்து உட்கார்ந்தா பத்தே நாள்ல நமக்குள்ள பேச்சுவார்த்தை இருக்காது."

"அதுவும் சரிதான்" என்றார் அவர்.

அவள் வேலையை விடவில்லை. பெருந்தன்மை ஒன்றும் காரணமில்லை. மறுநாள் காலை பதினோராம் அறைக் குழந்தைக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது, கொடுக்கிற ஆளை இவள்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கடுத்த நாள் வேறொன்று வந்தது. கோபித்துக்கொண்டு போவதற்குக்கூட நேரம் வேண்டும். அந்த வீட்டில் அது கிடைக்கவில்லை.

பணிமனைக்காரர் வந்தார். டிப்போ என்று யாரோ ஆரம்பித்து வைத்தது, ஒரே வாரத்தில் அவர் பெயராகவே ஆகிவிட்டது. ஐம்பது வயது, ஒட்ட வெட்டிய தலை, கையில் நீளமான ஒரு நோட்டு. முதல் இரண்டு வாரம் அவர் எந்த உத்தரவும் போடவில்லை. மாடி மாடியாக நடந்தார். எதைப் பார்த்தாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்டார். இது யாருக்குத் தெரியும்? அவங்க நாளைக்கு வரலேன்னா யார் செய்வாங்க?

சலவை அறையில் இருபது வருடமாகத் துணியோடு மல்லுக்கட்டும் அம்மாவிடமும் அதையே கேட்டார்.

"நாளைக்கு நான் வரலேன்னா செத்துட்டேன்னு அர்த்தம்" என்றாள் சலவைக்காரம்மா. "வந்து பார்த்துட்டுப் போங்க."

"பார்க்கிறேம்மா. ஆனா அன்னிக்குத் துணியை எத்தனை டிகிரியில துவைக்கணும்னு யாரைக் கேட்கிறது?"

அந்த அம்மா துணி மூட்டையை நகர்த்தி வைத்தாள். பிறகு சமையலறையில் போய், புது அதிகாரி எமனுக்கு முன்னால் வந்து ஆள் கணக்கு எடுக்கிறார் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தாள்.

மூன்றாவது வாரம் அவர் அலுவலக அறைச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினார். வீட்டில் நடக்கிற வேலைகள் மொத்தம் அறுபத்தொன்று. எந்த வார்டில் எந்தத் தாதியைக் கூப்பிட்டால் உடனே எடுப்பார் என்பதிலிருந்து ஆக்சிஜன் உருளை மாற்றுவது வரை. அதில் முப்பத்தெட்டு பெரியக்காவுக்கு மட்டும் தெரிந்தவை. பதினேழு சின்னக்காவுக்கு மட்டும். மீதி ஆறுதான் இரண்டு பேருக்காவது தெரிந்தவை.

சின்னக்கா அந்தப் பதினேழைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"உங்களைப் பாராட்டி எழுதினது இல்லை அது" என்றார் டிப்போ, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "டிரைவர் வரலேன்னாலும் வண்டி கிளம்பணும். பெரியக்கா போனா முப்பத்தெட்டு வேலை நிக்கும். உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தா பதினேழு நிக்கும். உள்ளே இருக்கிறதெல்லாம் குழந்தைங்க."

"பத்தொன்பது வருஷமா எனக்குக் காய்ச்சல் வந்து ஒண்ணும் நிக்கல சார்."

"காய்ச்சலோட வந்தீங்களா?"

அப்படித்தான் வந்திருக்கிறாள். முகமூடியை இரண்டாகக் கட்டிக்கொண்டு, குழந்தைகள் பக்கம் போகாமல், கொதிகலனைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இவ்வளவு நாள் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தப் பதினேழையும் எழுதிக் கொடுங்கள் என்று டிப்போ கேட்டபோது சின்னக்கா பதினாறுதான் எழுதினாள். கொதிகலனின் சிவப்புத் திருகை அரைச் சுற்று பின்னால் திருப்பிவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை விட்டுவிட்டாள். மறந்துவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒரு திங்கட்கிழமை அவள் வேண்டுமென்றே அரை மணி தாமதமாக வந்தாள். சமையலறையில் ஏழெட்டுத் தாய்மார் வெறும் வாளியோடு நின்றார்கள். ஒருத்தி கைக்குழந்தையைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு, "பச்சைத் தண்ணியில எப்படிக்கா குளிப்பாட்றது, டாக்டர் திட்டுவாரே" என்றாள். சின்னக்கா நேராகப் போய்த் திருகைத் திருப்பினாள். பத்து நிமிடத்தில் வெந்நீர் வந்தது.

டிப்போ பின்னாலேயே நின்று பார்த்திருந்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. ஒரு தாளில் "முதலில் சிவப்புத் திருகு, அரைச் சுற்று, இடப்பக்கம்" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொதிகலன் மேல் ஒட்டினார். பிறகு வாசல் காவலரைக் கூப்பிட்டு மூன்று தடவை செய்யச் சொல்லிப் பார்த்தார். திட்டியிருந்தால் அவளும் திருப்பிப் பேசியிருப்பாள். அவர் பேசாமல் போனதுதான் அன்று முழுக்க உறுத்தியது. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்முன், வெந்நீருக்கு நின்ற அந்தப் பெண்ணின் அறைக் கதவைத் தட்டி, குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றாள் அந்தப் பெண், ஏன் கேட்கிறாள் என்று புரியாமல்.

இதற்கிடையில் பெரியக்காவுக்கு வழியனுப்பு விழா நடந்தது. பல் டாக்டர் கண் கலங்கினார். குழந்தைகள் வரைந்த படங்களை ஒரு பெரிய அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரியக்கா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு" என்றாள்.

செவ்வாயும் வந்தாள். புதனும் வந்தாள். முன்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், தாய்மார் சுற்றிக் கூடிவிடுவார்கள். யாருக்கு எந்த டாக்டரிடம் சொல்ல வேண்டும், யாருக்கு அறை மாற்ற வேண்டும் என்று எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். டிப்போ தன் அறை வாசலில் நின்று பார்ப்பார், உள்ளே போய்விடுவார். அவர் பல் டாக்டரிடம் சொன்னார். பல் டாக்டர், "நான் எப்படிங்க அவங்ககிட்ட? அவங்க உண்டாக்கின வீடு" என்றார். பூனைக்கு மணி கட்டுவதற்கு எலிகள் எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. இப்படியே நான்கு மாதம் ஓடியது.

டிப்போ கொண்டுவந்த மாற்றங்களில் பெரியது, அறை ஒதுக்குகிற முறை. முன்பெல்லாம் பெரியக்கா முகத்தைப் பார்த்து முடிவு பண்ணுவாள். "கஷ்டம்னா முகத்துலயே எழுதியிருக்கும்" என்பாள். இப்போது மருத்துவமனையிலிருந்து சீட்டு வந்த தேதி, ஊரின் தூரம், சிகிச்சையின் காலம் மூன்றையும் பார்த்து வரிசை போட்டு, எல்லோரும் பார்க்கும்படி முன்கூடத்தில் மாட்டினார்கள். வரிசையில் யார் பெயரையும் யாரும் தாண்ட முடியாது. சின்னக்காவுக்கு அது முதலில் பிடிக்கவில்லை. ரேஷன் கடை மாதிரி இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

ஒரு புதன்கிழமை நண்பகலில் ஆறாம் அறை காலியானது. வரிசையில் முதலில் நின்றவர் ஒரு லாரி டிரைவர். மனைவி இல்லை, நான்கு வயது மகள் மட்டும். ஒன்பது நாளாக மருத்துவமனை வாசலில் நிறுத்திய லாரிக்குள்ளேயே இருவரும் படுத்து எழுந்தார்கள். சின்னக்கா போன் பண்ணியதும், ஒரு துணிப்பையும் பிள்ளையுமாக வந்து நின்றார். அதே நேரத்தில் ஆட்டோவிலிருந்து இன்னொரு பெண் இறங்கினாள். கூட ஆறு வயதுப் பையன், கையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு.

"பெரியக்கா வரச் சொன்னாங்க. ஆறாம் நம்பர் ரூம் எனக்குன்னு சொன்னாங்க" என்றாள்.

வரிசையில் அவள் நான்காவது. டிப்போ மருத்துவமனையில் ஒரு கூட்டத்தில் இருந்தார், போன் அணைந்திருந்தது. சாவி சின்னக்கா கையில்.

அந்தப் பெண் வரிசைத் தாளைப் பார்த்தாள், டிரைவரைப் பார்த்தாள், விஷயம் புரிந்ததும் அழ ஆரம்பித்தாள். நேற்று முழுக்க பையன் வாந்தி எடுத்ததையும், தங்கியிருந்த உறவுக்காரர் வீட்டில் கிளம்பச் சொல்லிவிட்டதையும் சொன்னாள். பொய் இல்லை, எல்லாம் நிஜமான கஷ்டம்தான். அவள் அழுதுகொண்டிருக்கும்போதே பெரியக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

"அந்தப் பொண்ணுக்குக் கொடுடி. நான் வாக்குக் கொடுத்துட்டேன்."

"வரிசையில இவருக்குத்தான் அக்கா."

"தாளைப் பார்க்காதே, அந்தப் பையன் முகத்தைப் பாரு."

சின்னக்கா பையன் முகத்தைப் பார்த்தாள். பிறகு லாரி டிரைவரைப் பார்த்தாள். அவர் அதற்குள் துணிப்பையைத் தூக்கித் தோளில் மாட்டியிருந்தார்.

"பரவாயில்லம்மா" என்றார். "அவங்களுக்கே கொடுங்க. நாங்க இன்னும் ரெண்டு நாள் லாரியில சமாளிச்சுக்கறோம். பாப்பாவுக்குப் பழகிடுச்சு."

அவர் குரலில் கோபமே இல்லை. ஏமாந்து போய்ப் பழகியவனின் குரல் அது. சின்னக்காவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பத்தொன்பது வருடத்தில் எத்தனை பேர் இப்படிப் 'பரவாயில்லம்மா' என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்? அழத் தெரிந்தவர்கள் உள்ளே வந்தார்கள். அழத் தெரியாதவர்கள் போனார்கள். போனவர்களின் முகம் எதுவும் நினைவில்லை. கதவைத் திறந்து மூடியவள் இவள்தான்.

அவள் சாவியை டிரைவர் கையில் வைத்தாள். "முதல் மாடி, வலப்பக்கம் கடைசி. பாப்பா கையைக் கழுவிவிட்டு மேலே கூட்டிட்டுப் போங்க."

அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டுச் சின்னக்காவைப் பார்த்து, "நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க" என்றாள். சின்னக்கா அதற்கும் சரி என்பதுபோல் தலையாட்டினாள். மருத்துவமனைச் சமூகப் பணியாளருக்குப் போன் பண்ணி, வார்டிலேயே அம்மாவும் பையனும் தங்க ஒரு கட்டில் பிடித்துக் கொடுத்தாள். ஐந்து நாளுக்கு. அது நல்ல இடம் இல்லை, சத்தமும் கொசுவும். அந்தப் பெண்ணின் முறை வந்தபோது பத்தாம் அறை கிடைத்தது. அங்கே இருந்த மூன்று மாதத்தில் அவள் சின்னக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆட்டோ திரும்பிப் போனதும் பெரியக்கா தங்கையின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் படுக்கை விரிப்பு அடுக்கும் அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"எல்லார் முன்னாடியும் என் முகத்துல கரியைப் பூசிட்டே. என் வாக்கு என்ன ஆகிறது?"

"வாக்கு உன்னோடது அக்கா. ரூம் உன்னோடது இல்ல."

"இந்த வீட்டை யார் கட்டினாங்கன்னு மறந்துட்டியா?"

"மறக்கல. அதனாலதான் நாலு மாசமா ஒருத்தரும் வாயைத் திறக்கல. நான் சொல்றேன். நாளையிலிருந்து நீ இங்க வராதே."

பெரியக்கா தங்கையை முதல் தடவை பார்ப்பவள்போல் பார்த்தாள். அறையில் உட்கார இடமில்லை. மடித்து அடுக்கிய போர்வைக் கட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

"அந்த டிப்போ சொல்லிக் கொடுத்தானா?"

"அவருக்கு இது தெரியவே தெரியாது." சின்னக்கா கதவில் சாய்ந்துகொண்டாள். ஆரம்பித்தாகிவிட்டது, மிச்சத்தையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது. "ஏன் அக்கா என்னை வேணாம்னு சொன்னே?"

"யார் சொன்னா?"

"நீதான். ரெண்டு மாசம் எனக்குத் தெரியாம ஆள் பார்த்தீங்களே."

பெரியக்கா போர்வையின் ஓரத்து நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே சொன்னாள். "நீ அந்த இடத்துல உட்கார்ந்தா நான் போயிருக்கவே மாட்டேன். வீட்டுல இருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போன் பண்ணியிருப்பேன். நீயும் எடுத்திருப்பே. பேர் உன்னோடதா இருக்கும், நடத்துறது நானா இருப்பேன். அப்புறம் நான் செத்தா அன்னிக்கே வீடும் போயிருக்கும். பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவையாவது என்கிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கியா நீ?"

"நீ என்கிட்ட கேட்டாத்தானே முடியாதுன்னு சொல்றதுக்கு. நீ எப்பவும் சொல்லுவே, நான் செய்வேன்."

"அதைத்தான் சொல்றேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா, சரி அக்கான்னு சொல்லியிருப்பே. அதுவும் என் பேச்சைக் கேட்டுத்தானே?"

சின்னக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால் வலி குறைந்துவிடவில்லை. இரண்டும் தனித்தனி என்று அவளுக்கு அன்று தெரிந்தது.

பெரியக்கா எழுந்து, கசங்கிய போர்வையைத் தட்டிச் சரிபண்ணினாள். "நீ இப்படிப் பேசுவேன்னு தெரிஞ்சிருந்தா உன்னையே உட்கார வெச்சிருப்பேன்" என்றாள். கதவைத் திறந்துகொண்டு போனாள். மறுநாள் வரவில்லை.

மாலையில் திரும்பி வந்த டிப்போவிடம் காவலர் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லியிருந்தார். அவர் சின்னக்காவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று அவள் நினைத்தாள்.

"ஆறாம் ரூமைப் பதிவு பண்ணிட்டீங்களா?" என்றார்.

"பண்ணிட்டேன் சார்."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதரை முதல் தடவையாக அவளுக்குப் பிடித்தது அப்போதுதான்.

அக்காவும் தங்கையும் ஏறக்குறைய இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே தெருவின் இரண்டு முனைகளில் வீடு. காய்கறிக் கடையில் ஒருத்தியைப் பார்த்தால் இன்னொருத்தி மருந்துக் கடைக்குள் நுழைந்துவிடுவாள். பிறகு பெரியக்காவுக்கு ஒரு கண்ணில் புரைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும். சின்னக்கா போனாள். இருவரும் சொட்டு மருந்தைப் பற்றி மட்டும் பேசினார்கள். அப்படியே மெல்ல மெல்ல மற்றதும் பேச ஆரம்பித்தார்கள். வீட்டைப் பற்றி மட்டும் பெரியக்கா கேட்கவில்லை. கேட்காமல் இருக்க அவள் படுகிற பாடு கண்கூடாகத் தெரிந்தது.

இங்கே அலுவலகச் சுவரில் இருந்த தாள் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர், சிலவற்றுக்கு மூன்று. ஒரு நாள் டிப்போ சின்னக்காவைப் பன்னிரண்டு நாள் விடுப்பில் போகச் சொன்னார். போனை அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்றும் சொன்னார். அவளும் வீட்டுக்காரரும் ஒரு கடற்கரை ஊருக்குப் போனார்கள். முதல் மூன்று நாள் அவள் கடலைப் பார்க்கவே இல்லை, கொதிகலனைப் பற்றியே பேசினாள். ஐந்தாம் நாள் தூங்கினாள். திரும்பி வந்தபோது வீடு விட்டுப்போன மாதிரியே இருந்தது. சலவைக்காரம்மா படியில் பார்த்து, "என்ன ரெண்டு நாளா உங்களைக் காணோம்?" என்று கேட்டாள். பன்னிரண்டு நாள் என்று திருத்த வாய் வந்தது. விட்டுவிட்டாள். அன்று குளியலறையில் போய் முகம் கழுவும்போது கண்ணில் கொஞ்சம் நீர் வந்தது. எதற்கு என்று பிரித்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

அறக்கட்டளைக்காரர்கள் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள். டிப்போ மூன்று வருடத்துக்கு என்று வந்தவர், மூன்றாவது வருடக் கடைசியில் சொன்னபடி விலகினார். பார்வையற்ற பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஒன்று அவரைக் கூப்பிட்டிருந்தது. இந்தத் தடவை பல் டாக்டர் எல்லோருக்கும் தெரியும்படி ஆள் தேடினார். எட்டுப் பேர் விண்ணப்பித்தார்கள். அதில் ஒன்று சின்னக்காவினுடையது. நேர்முகத்தில் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அவள் கண்ணாடி முன்னால் எதையும் ஒத்திகை பார்க்கவில்லை. நான்கு வருடம் இருப்பேன், அதற்கு மேல் ஒரு நாளும் இருக்க மாட்டேன், இரண்டாவது வருடத்திலேயே அடுத்த ஆளைத் தேட ஆரம்பித்துவிட வேண்டும், இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றாள். கொடுத்தார்கள்.

அன்று சாயங்காலம் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். பெரியக்கா ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பழைய கால்சட்டை ஒன்றுக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"வேலை எனக்குக் கிடைச்சிருக்கு" என்றாள் சின்னக்கா.

ஊசி நின்றது. "நான் என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

பெரியக்கா தங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அந்த மூணாவது மாடியில மட்டும்..." என்று ஆரம்பித்தாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டு ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். மூன்றாவது மாடியில் என்ன என்று சின்னக்கா கேட்கவில்லை.

"தண்ணி குடிக்கிறியா?" என்றாள் பெரியக்கா.

"கொடு."

தண்ணீர் வந்தது. மகன் டிராக்டர் கடைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கடை எடுத்திருப்பதைப் பற்றிப் பேசினார்கள். இருட்டுவதற்குள் சின்னக்கா கிளம்பினாள். பெரியக்கா வெளிக்கதவு வரைக்கும் வந்தாள்.

"காலையில எத்தனை மணிக்குப் போவே?"

"எட்டரைக்கு."

"ம்" என்றாள் பெரியக்கா. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.